பழுது பார்ப்பது யார்?

நுழையும்முன்

வீட்டில் வண்டி ஒன்று இருந்தால் அதைப் பற்றிய பேச்சும் இருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விடுவதா, தெருமுனைப் பட்டறையில் கொடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா? இது பெரியவர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் செய்தி என்று எண்ணிவிட வேண்டியதில்லை. இப்பாடத்தில் வரும் வீட்டில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கும் அதில் வேலை இருந்தது.

மழைக்காலத்து மாலை

மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வானத்தை நம்ப முடியாது. கொச்சியில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. அது போதாதென்று, சில மாதங்களில் உயர் ஓதத்தின்போது காயல்நீரும் தாழ்வான தெருக்களுக்குள் ஏறி வந்துவிடும். அது உப்புநீர். இரும்புக்கு அதைவிடக் கொடிய பகை வேறில்லை.

அத்தகைய தெரு ஒன்றில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். தாய் பஜார் சாலையிலுள்ள கிடங்கு ஒன்றில் சுக்குத் தரம் பிரிக்கும் வேலைக்குச் செல்கிறார். ஆட்டோ புதியது. வங்கிக் கடனில் வாங்கியது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

ஒருநாள் மாலை தந்தையின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. வண்டியை சர்வீசுக்கு விடும் நாள் நெருங்கிவிட்டதாம். சர்வீஸ் நிலையம் இருப்பதோ பாலத்துக்கு அப்பால். காலையில் விட்டால் வண்டி கைக்கு வர மாலையாகிவிடும். ஒருநாள் வருமானமும் போகும். கட்டணமும் கட்ட வேண்டும்.

"ஆயில் மாற்றுவதும் கேபிளை இறுக்குவதும் எனக்குத் தெரியாத வேலையா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவேன்" என்றார் தந்தை.

"அப்படிச் செய்துவிடாதீர்கள். வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடுமாம். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்" என்றார் தாய்.

பாடநூலை மூடிவைத்த மகள், "அப்படி எதில் எழுதியிருக்கிறது, அப்பா?" என்று கேட்டாள்.

தந்தை சற்றே விழித்தார். வண்டி வாங்கிய அன்று ஒரு நெகிழி உறையில் கையேடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது இருக்கைக்குக் கீழே கிடந்தது. மழைக்காலத்து ஈரத்தில் அதன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பிரித்ததே இல்லை. மலையாளத்தைத் தாய்மொழிபோல் பேசுபவர்தான். ஆயினும் அவருக்கு வாசிக்க வருவது தமிழ் மட்டுமே. கையேடோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது.

"நீதான் படித்துச் சொல்லேன், அம்மா" என்று மகளிடம் நீட்டினார்.

அன்றிரவு அவள் அதைப் படித்தாள். சில சொற்களுக்கு அகராதி தேவைப்பட்டது. படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, தந்தைக்கு மூன்று செய்திகள் புதியனவாக இருந்தன. 'இலவச சர்வீஸ்' என்பதில் வேலைக்கூலி மட்டுமே இலவசம். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் பணம் கொடுக்க வேண்டும். டயர், மின்விளக்கு, பிரேக் கட்டை, கேபிள் முதலிய தேயும் பொருள்களை வாரண்டி காப்பதில்லை. குறித்த கிலோமீட்டரில் குறித்த சர்வீசை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் செய்து, அதற்கான பதிவை வைத்திருக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. காற்றுப் பார்க்கக் கூடாது என்றோ, எண்ணெய் அளவு பார்க்கக் கூடாது என்றோ கையேட்டின் எந்தப் பக்கமும் கூறவில்லை. அவற்றை ஓட்டுநரே நாள்தோறும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

தில்லிக்குப் போன கேள்வி

வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி கிடையாது என்னும் நிபந்தனை நியாயமானதா? இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நின்றுவிடவில்லை. 2011 ஜனவரியில் அது தில்லியிலுள்ள இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. சந்தையில் ஒருவரே ஆதிக்கம் செலுத்திப் பிறரை நெருக்காமல் பார்த்துக்கொள்வதற்காக, 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்படி அமைந்தது அவ்வாணையம்.

முறையிட்டவர் சம்சேர் கடாரியா. அவர் குறிப்பிட்டவை ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று கார் நிறுவனங்கள். அவற்றின் அசல் உதிரி உறுப்புகளும் பழுதைக் கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை. அதனால் தனிப் பட்டறைகள் அக்கார்களைத் தொட முடிவதில்லை. கார் வைத்திருப்பவர் நிறுவனத்தின் முகவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போக வேண்டியிருக்கிறது. இதுவே முறையீட்டின் சாரம். விசாரித்தபோது, இந்த வழக்கம் மூன்று நிறுவனங்களோடு முடியவில்லை என்று தெரியவந்தது. விசாரணை விரிந்தது.

ஆணையம் இதனை நோக்கிய முறை எளிதில் விளங்கக்கூடியதே. சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டால் எந்தக் கடையிலும் பொத்தான் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். காரின் செய்தி அப்படியன்று. ஒரு நிறுவனத்தின் உறுப்பு இன்னொன்றின் காருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கார் வாங்கும்வரை வாங்குபவருக்குப் பத்துக் கடைகள் திறந்திருக்கின்றன. வாங்கியபின் ஒரே கதவுதான். அந்த ஒரு கதவுக்குள் நிறுவனமே தனி அரசர்.

நிறுவனங்களின் மறுமொழியையும் கேட்டாக வேண்டும். பயிற்சியில்லாதவர் கைவைத்தால் விபத்து நேரும். தங்கள் வடிவமைப்பும் மென்பொருளும் தங்கள் அறிவுச் சொத்து என்று அவை வாதிட்டன. முதல் வாதம் வெறும் சாக்கு அன்று. தவறாகப் பூட்டிய பிரேக் உயிரை வாங்கும். ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுவதை ஆணையம் ஏற்கவில்லை.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணை வெளிவந்தது. மாருதி சுசுகி, டாட்டா, மகிந்திரா, டொயோட்டா உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகையைத்தான் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போட்டன. மாணவர் நினைவில் கொள்ள வேண்டியது வேறு. உதிரி உறுப்புகளும் கண்டறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஆணையம் பணித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றது. வெளிப் பட்டறையின் தவறான வேலையால் சேதம் நேர்ந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம் என்றும் வரையறுத்தது. விளக்கை வெளியில் மாற்றியதற்காக எஞ்சின் வாரண்டியை மறுப்பது அந்த வரையறைக்குள் அடங்காது.

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், குற்றம் நடந்ததை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் மொத்த வருவாயில் கணக்கிடாமல், உதிரி உறுப்பு முதலிய பின்விற்பனை வருவாயில் 2 விழுக்காடாகக் கணக்கிடச் சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ஆணை கார் நிறுவனங்களுக்கு இடப்பட்டது. ஆட்டோவுக்கோ ஸ்கூட்டருக்கோ அது நேராகப் பொருந்தாது. ஆகையால் மட்டாஞ்சேரித் தந்தை அந்த ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக இயலாது. ஆனால் நிபந்தனை என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று, கேள்வி கேட்கக்கூடியது என்பதை அவ்வழக்கு காட்டிவிட்டது.

பிற நாடுகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளையோ பணியையோ விலை கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டுப்படுத்துவதைத் தடுக்கிறது. அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாகனப் பழுதுபார்ப்பு உரிமைக்கு வாக்களித்தனர். இந்தியாவில் 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, பழுது பார்க்கும் உரிமைக்கான இணையவாயிலை நடுவண் அரசு தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும்.

காதும் கணினியும்

பழைய பட்டறைக்காரர் ஒருவருக்கு எஞ்சினின் ஓசை போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்புவார், வண்டி சீராகிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் புதிய வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 மாசு வரம்பு கட்டாயமானது. அதற்கு ஈடுகொடுக்க, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் தெளிப்பான் பிடித்தது. எவ்வளவு எரிபொருள், எப்போது என்பதை இப்போது ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. வெப்பம், காற்றின் அளவு, புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை உணரிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஏதேனும் பிறழ்ந்தால் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பிறழ்ந்தது எது என்பது எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடாகக் கணினியில் பதிவாகிவிடும். அதைப் படிக்க ஸ்கேனர் என்னும் கருவி வேண்டும்.

கண்டறியும் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்கும். கருவி இல்லாத பட்டறைக்காரருக்கு எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், அந்த மஞ்சள் விளக்கின் முன் அவர் எழுத்தறியாதவராகிவிடுகிறார். கையேட்டின் முன் அந்தத் தந்தை நின்றதைப்போல.

நம் கையில் உள்ளவை

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மகள் திண்ணையில் அமர்ந்தாள். தந்தை வேலையைத் தொடங்கினார்.

முதலில் எண்ணெய். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்கியிராது. அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தால், எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சில வண்டிகளில் அளவுகோலைத் திருகிப் பூட்டிப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் திருகாமல் வைத்து மட்டும் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவும் மாறிவிடும். இத்தனை ஆண்டு பழக்கத்தில் தந்தை திருகித்தான் பார்த்துவந்தார். "இந்த வண்டிக்குத் திருகாமல் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, அப்பா" என்றாள் மகள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி பார்த்தார். எண்ணெய் சற்றுக் குறைவாகவே இருந்தது.

எண்ணெய் கறுத்துவிட்டாலே கெட்டுவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். உராய்வைக் குறைப்பது மட்டும் எண்ணெயின் வேலையன்று. வெப்பத்தை எடுத்துச் செல்வதும், கரியையும் நுண்துகளையும் தன்னுள் தாங்கிக்கொள்வதும் அதன் வேலையே. தன் வேலையைச் செய்யும் எண்ணெய் கறுக்கும். மாற்றும் காலத்தை நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், ஓடிய தூரத்தையும் கழிந்த மாதங்களையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று வீசும் ஊரில் இது விரைவில் வரும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதனை இறுதியில் பூட்ட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் வண்டியின் உடல் எதிர்முனையோடு இணைந்திருக்கும். நேர்முனையில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுநுனி உடலில் பட்டால் பெரும் பொறி பறக்கும். எதிர்முனை முன்பே கழன்றிருந்தால் அந்த அபாயம் இல்லை.

டயர்க் காற்று, கேபிளின் தளர்வு, காற்று வடிகட்டியின் தூசி, அடிப்புறத்தில் ஒட்டிய உப்புச் சேறு ஆகியவையும் வீட்டு வேலைகளே. உப்புநீரில் ஓடிய அன்றே நல்ல நீரால் கழுவிவிட்டால் துரு பாதியாவது தள்ளிப்போகும்.

பிரேக் எண்ணெய்க் குழாயை மட்டும் தந்தை தொடவில்லை. அதனுள் சிறு காற்றுக்குமிழி புகுந்தாலும் மிதியை அழுத்தும்போது வண்டி நிற்காமல் போகலாம். எரிவாயு உருளையும் அப்படியே. அதனுள் வாயு ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. இது டயரிலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கூடாது.

எண்ணெயை அன்று அவர் மாற்றவில்லை. வாரண்டிக் காலம் முடியும்வரை அதனைச் சர்வீஸ் நிலையத்திலேயே செய்வது என்று முடிவாகிவிட்டது. முடிந்தபின் தெருமுனைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். முன்பெல்லாம் வீட்டில் எண்ணெய் மாற்றினால் பழைய எண்ணெயைப் பக்கத்து ஓடையில் ஊற்றிவிடுவார்கள். ஓடை காயலில் சேரும். காயலில் மீன் இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதைச் சேகரிக்கும் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

கையொப்பத்துக்கு முன்

சர்வீஸ் நிலையத்துக்குத் தந்தை மகளையும் அழைத்துச் சென்றார். அன்று பள்ளி விடுமுறை. வரவேற்பு மேசையில் இருந்தவர் வேலைப்பட்டியலை அச்சிட்டு நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், சேட்டா" என்றார். தந்தை பேனாவை எடுத்தார். பிறகு தாளை மகளிடம் கொடுத்தார்.

அவள் வரிவரியாகப் படித்தாள். ஒன்பது வரிகள். கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு ஏழு வேலைகளே இருந்தன. மீதி இரண்டும் மெருகுப் பூச்சும் எஞ்சினுக்குள் ஊற்றும் ஒரு சேர்மமும்.

"இவை இரண்டும் கட்டாயமா?" என்று அவள் மலையாளத்தில் கேட்டாள்.

"கட்டாயம் ஒன்றும் இல்லை, மோளே. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்" என்று கூறி, அவர் அவ்விரு வரிகளையும் நீக்கிப் புதிய தாள் அச்சிட்டுக் கொடுத்தார். முகத்தில் சினம் ஏதுமில்லை. கேட்டிருந்தால் எப்போதும் எடுத்திருப்பார்போலும்.

"மாற்றும் பழைய உறுப்புகளைத் திருப்பித் தந்துவிடுங்கள்" என்றார் தந்தை. அதன்பின் கையொப்பமிட்டார்.

அன்றிரவு ஒரு பழைய நோட்டின் முதல் பக்கத்தில் அவர் தமிழில் எழுதினார்: தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய எண்ணெய், கொடுத்த தொகை. ரசீதை அதே பக்கத்தில் ஒட்டினார். அடுத்த வரியை மகள் எழுதினாள்: பேட்டரி முனை, வீட்டில் துடைத்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழில் 'பழுது பார்த்தல்' என்கிறோம். மலையாளத்தில் 'நன்னாக்குக' என்பர். நன்றாக்குதல் என்பது அதன் பொருள். தமிழ்ச்சொல் குறையைக் காண்பதில் தொடங்குகிறது. மலையாளச்சொல் பயனைச் சுட்டுகிறது. மலையாளத்தில் 'பழுது' என்றால் இடைவெளி, வாய்ப்பு என்று பொருள். ஆகவே இரு மொழிகளையும் பேசும் வீடுகளில் இச்சொல்லைக் கவனித்து ஆள வேண்டும். 'உயர் ஓதம்' என்பதே மலையாளத்தில் 'வேலியேற்றம்'.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
உதிரி உறுப்பு – வண்டியில் மாற்றிப் பூட்டும் தனி உறுப்பு
உணரி – வெப்பம், அழுத்தம் முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி
முகவர் – நிறுவனத்தின் சார்பில் விற்பவர்
சேர்மம் – வேதிப்பொருள்

பயிற்சி

1. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது "முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று" எனப் பாடம் கூறுவது ஏன்?

2. வாங்கியபின் "ஒரே கதவுதான்" என்பதன் பொருளைக் காரைத் தவிர்த்த வேறொரு பொருளைக் கொண்டு விளக்குக.

3. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்? மூன்று தொடர்களில் எழுதுக.

4. பிரித்து எழுதுக: பொய்யன்று, உப்புக்காற்று, வேலைப்பட்டியல்.

5. உங்கள் வீட்டிலுள்ள வண்டி, மிதிவண்டி அல்லது தையல் எந்திரத்தின் கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தை வீட்டாருக்குத் தமிழில் படித்துக் காட்டுக. அவர்கள் அதுவரை அறியாத செய்தி ஒன்று இருந்தால் அதனை இங்கே எழுதுக.